காம்பவுண்டுக்குள் கால் வைத்ததுமே தெரிய வேண்டும்

நேயர்களுக்கு வணக்கம். தனி வீடுகளுக்குத் திருட்டு அலாரம் பொருத்துவது என் தொழில். வாசல் கதவில் காந்த ஸ்விட்ச், ஹாலில் ஒரு மோஷன் சென்சார் என்று ஏற்கெனவே போட்டு வைத்திருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது இதுதான்: “கதவை உடைத்து உள்ளே வந்த பிறகு அலாரம் கத்தி என்ன சார் பிரயோஜனம்? கேட்டைத் தாண்டும்போதே தெரிய வேண்டாமா?”

நியாயமான கேள்வி. கதவும் ஜன்னலும் திறந்தால் மணி அடிக்கும் மின்சார ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853-இல் காப்புரிமை வாங்கினார். இன்றும் பெரும்பாலான வீட்டு அலாரங்கள் அதே கதவு நிலையில்தான் காவல் காக்கின்றன. கொல்லைப்புறத்தில் ஒருவன் நின்று நிதானமாக ஜன்னல் கம்பியை அறுத்தாலும் அவற்றுக்குத் தெரியாது. வயதான அம்மாவும் அப்பாவும் மட்டும் தூங்கும் வீட்டில், அவன் வெளியே நிற்கும்போதே தெரிந்துவிடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சரி, ஹாலில் இருக்கும் அதே மாதிரி சென்சார் இன்னொன்று வாங்கிப் போர்டிகோவில் மாட்டிவிடலாமா? கூடாது. ஏன் என்று புரிய, அது எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும்.

நம் உடம்பு எப்போதும் அகச்சிவப்புக் கதிரை வெளிவிட்டுக்கொண்டே இருக்கிறது. சென்சாரின் முகப்பில் பால் நிறத்தில், வரி வரியாக ஒரு பிளாஸ்டிக் வில்லை இருக்குமே, அது எதிரே உள்ள இடத்தைப் பல பட்டைகளாகப் பிரிக்கிறது. சுற்றுப்புறத்தைவிடச் சூடான ஓர் உருவம் ஒரு பட்டையிலிருந்து அடுத்ததற்கு நகர்ந்தால் உள்ளே சிறு மின்னோட்டம் பிறக்கும். அதாவது, அது திருடனைப் பார்ப்பதில்லை. நகரும் சூட்டைத்தான் பார்க்கிறது. அதனால் குறுக்கே நடப்பவரைச் சட்டென்று பிடிக்கும். நேராகச் சென்சாரை நோக்கி வருபவரைத் தாமதமாகத்தான் பிடிக்கும். கேட்டைப் பார்த்து நேராக மாட்டுவதைவிட, வருபவர் அதன் பார்வையை வெட்டிக்கொண்டு போகும்படி பக்கவாட்டில் மாட்டுவது நல்லது.

இதில் நம் ஊர் வெயிலுக்கு ஒரு தனிப் பங்கு உண்டு. மே மாதம் வேலூரிலோ திருச்சியிலோ பகலெல்லாம் காய்ந்த சுவர், இருட்டிய பிறகும் நம் தோலின் சூட்டுக்கு அருகிலேயே இருக்கும். சூட்டு வித்தியாசம் குறைந்தால் சென்சாரின் பார்வையும் மங்கும். பெட்டியில் 12 மீட்டர் என்று போட்டிருந்தாலும் அந்த நேரத்தில் அது கிடைக்காமல் போகலாம். மார்கழியில் நேர்மாறு; தெருவில் பால் வாங்கப் போகிறவர்கூட அதன் கண்ணில் படுவார். அதனால் கோடையில் ஒருமுறை, குளிர்காலத்தில் ஒருமுறை நடந்து பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

அப்புறம், வெளியே நகரும் சூடு மனிதன் மட்டுமா? தெருநாய், பூனை, ஏசியின் வெளி யூனிட் ஊதும் அனல் எல்லாம் உண்டு. காய்ந்த சுவருக்கு முன்னால் வாழை இலை ஆடினால், சுவரின் சூட்டை அது மறைத்து மறைத்துத் திறக்கும். சென்சாருக்கு அதுவும் ஒரு நடமாட்டம்தான். வீட்டுக்குள் மாட்டும் சாதாரண சென்சார் இதற்கெல்லாம் சைரனைத் தூக்கிவிடும். அப்புறம் புலி வருது கதைதான். நாலு ராத்திரி பூனைக்குக் கத்தினால், ஐந்தாம் ராத்திரி வீட்டுக்காரரே அலாரத்தை அணைத்துவிட்டுப் படுப்பார். பொய் அலாரம் எனக்கு வெறும் தொந்தரவாகப் படவில்லை. அது பாதுகாப்பையே தின்றுவிடுகிறது.

அதனால் வெளிப்புறத்துக்கென்றே செய்ததை வாங்குங்கள். சிலவற்றில் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு பார்வைகள் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் ஒப்புக்கொண்டால்தான் அலாரம். சின்ன நாய் கீழ்ப் பார்வையை மட்டும் தொட்டுவிட்டுப் போய்விடும். ஆனால் இந்த வகையில் பலவற்றைத் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில்தான் பொருத்த வேண்டும். “குழந்தைகள் தொடுவார்கள்” என்று எட்டடி உயரத்தில் ஏற்றினால் அந்தக் கணக்கே கெட்டுவிடும். காம்பவுண்டு சுவரின் மேல் நடக்கும் பூனை மேல் பார்வைக்கு நேராக வந்துவிடும். அந்தத் திசையையும் தவிர்க்க வேண்டும்.

இன்னொரு வகையில் அகச்சிவப்போடு, அலையை அனுப்பி அது திரும்பி வருவதை வைத்து நடமாட்டத்தை உணரும் மைக்ரோவேவும் சேர்ந்திருக்கும். வெயில் ஏமாற்றினாலும் மைக்ரோவேவ் ஏமாறாது. ஆனால் மெல்லிய பலகையையும் பிளாஸ்டிக் தகட்டையும் ஊடுருவி அது அந்தப் பக்கம் பார்த்துவிடும் என்பதால் தூரத்தைக் குறைத்து வைக்க வேண்டும். பக்கச் சந்துக்கும் ஜன்னல் வரிசைக்கும் ஒல்லியான திரைபோல் பார்க்கும் கர்டன் வகை பொருந்தும். மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவருக்கு இரண்டு முனைகளில் வைக்கும் பீம் நல்லது; நடுவே ஓடும் கண்ணுக்குத் தெரியாத கதிரை யாராவது மறைத்தால் அது தெரிவிக்கும். அதிலும் இரட்டைப் பீம் வாங்குங்கள். காக்கை ஒன்றை மட்டும் மறைத்தால் அது பொருட்படுத்தாது.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. எல்லாச் சென்சார்களும் வந்து சேரும் கட்டுப்பாட்டுப் பெட்டிதான் பேனல்; அதில் வெளிச் சென்சாரைத் தனி ஸோனாக, அதாவது தனிப் பிரிவாகப் போடுங்கள். பெரிய சைரனோடு நேரடியாக இணைக்காதீர்கள். நீங்கள் வீட்டில் இருக்கும் இரவில், முற்றத்தில் விளக்கு எரியட்டும், படுக்கையறையில் ஒரு சின்ன மணி ஒலிக்கட்டும். அது போதும். வெளிச்சம் வந்தால் வந்தவனுக்கும் தெரியும், மணி கேட்டால் உங்களுக்கும் தெரியும். கதவைத் திறந்து வெளியே போய்ப் பார்க்காதீர்கள். உள்ளிருந்தபடியே பாருங்கள், சந்தேகம் இருந்தால் 100 அல்லது 112. கதவோ உள் சென்சாரோ தொட்டால் மட்டும் பெரிய சைரன் அலறட்டும். வீடு பூட்டியிருக்கும் நாட்களுக்கு, சில நிமிடங்களுக்குள் இரண்டு வெளிச் சென்சார்கள் அடுத்தடுத்துத் தூண்டப்பட்டால் உங்கள் செல்போனுக்கு அழைப்பு வரும்படி வைக்கலாம். ஊருக்குப் போகும்போது பக்கத்துக் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போவதை இதற்காக விட்டுவிடாதீர்கள்.

பழைய பேனலில் காலி ஸோன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வயர் இழுக்க முடிந்தால் வயரே என் தேர்வு. மெயின் கரண்ட் போகும் குழாயில் மட்டும் அதைச் சேர்க்காதீர்கள். சென்சார் மூடியைக் கழற்றினாலே பேனலுக்குத் தெரிவிக்கும் டாம்பர் வயரையும் மறக்காமல் இணைக்கச் சொல்லுங்கள். வயர்லெஸ் என்றால் ஒரு விஷயம்: பேட்டரியை மிச்சப்படுத்த, ஒருமுறை தூண்டப்பட்டதும் பலவும் இரண்டு மூன்று நிமிடம் தூங்கிவிடும். அது தெரியாமல் திரும்பத் திரும்ப நடந்து பார்த்துவிட்டு ரிப்பேர் என்று நினைக்கிறவர்கள் நிறைய. சோதனை முறையில் போட்டுவிட்டு நடக்க வேண்டும்.

வயர் நுழையும் ஓட்டையைச் சிலிகான் வைத்து அடைக்காவிட்டால் எறும்பு உள்ளே குடியேறிவிடும். மழைக்கு ஒதுங்கும் பல்லி மேல் மூடிக்கு அடியில் தங்கும். அது வில்லையின் மேல் ஊர்ந்தால் சென்சாருக்கு மிகப் பெரிய உருவமாகத் தெரியும். சிலந்தி வலையும் அப்படித்தான். மாதம் ஒருமுறை ஈரத் துணியால் வில்லையைத் துடைத்துவிட்டு, கேட்டிலிருந்து பின்கட்டு வரை ஒரு நடை நடந்து பாருங்கள். செம்பருத்தி வளர்ந்து பார்வையை மறைத்திருந்தால் கிளையை வெட்டிவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.