சாட்சிக்கு நின்ற குருகு

எல்லாருக்கும் வணக்கம். கடன் கொடுத்தவர் வாசலில் வந்து நின்று, "சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்கிறார். இதில் பணம் என்ற சொல்லே இல்லை, ஆனாலும் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது இல்லையா, அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். காஷ்மீரத்தில் 9ஆம் நூற்றாண்டில் ஆனந்தவர்த்தனர் இப்படிச் சொல்லாமலே உணர்த்தும் பொருளுக்கு த்வனி என்று பெயர் சொல்லி ஒரு நூலே எழுதினார். நம் தொல்காப்பியம் உள்ளுறை, இறைச்சி என்கிறது. சரி, இலக்கணம் இருக்கட்டும், குறுந்தொகை 25ஆம் பாட்டுக்கு வருகிறேன். கபிலர் பாடியது, ஐந்தே அடி, பேசுபவள் தலைவி.

யாரும் இல்லைத் தானே கள்வன்
தானது பொய்ப்பின் யானெவன் செய்கோ
தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால
ஒழுகுநீர் ஆரல் பார்க்கும்
குருகும் உண்டுதான் மணந்த ஞான்றே

அவன் என்னோடு கூடிய அன்றைக்கு வேறு யாரும் இல்லை, அந்தக் கள்வன் மட்டும்தான். அவனே பொய் சொன்னால் நான் என்ன செய்வேன். ஓடும் தண்ணீரில் ஆரல் மீனைப் பார்த்துக்கொண்டு ஒரு குருகும், அதாவது கொக்கும், இருந்தது. அகராதியைப் புரட்டினால் கிடைப்பது இவ்வளவுதான்.

ஆனால் 'குருகும்' என்பதில் உள்ள அந்த 'உம்'மைக் கவனியுங்கள். யாரும் இல்லை என்று தொடங்கியவள், கடைசியில் போய் ஒரு பறவையைச் சாட்சிக் கணக்கில் சேர்க்கிறாள், அதுவும் வாய் பேசாத சாட்சி, பேசினாலும் பிரயோஜனமில்லை, ஏனென்றால் அதன் கண் முழுக்க மீன் மேல்தான் இருந்தது. அப்புறம் மெல்ல இன்னொன்று உறைக்கிறது: தன் இரை ஒன்றிலேயே குறியாக நின்றது அந்தக் குருகு மட்டும்தானா? அவனைப் பற்றி 'கள்வன்' என்பதற்கு மேல் அவள் ஒரு வசவும் வைக்கவில்லை. மிச்சத்தைக் கொக்கின் தலையில் ஏற்றிவிட்டாள்!

எனக்கு இதைவிடப் பிடித்தது அந்தக் குருகின் கால்கள். தினைப்பயிரின் தண்டு மாதிரி சின்னதாக, பசுமையாக இருந்ததாம். பறவையின் கால் நிறம்வரை சொல்கிறாளென்றால் அந்த நாளில் எதையுமே அவள் மறக்கவில்லை என்று அர்த்தம். 'என்னால் மறக்க முடியவில்லை' என்று எழுதியிருந்தால் பாட்டு அங்கேயே படுத்திருக்கும்.

இது உள்ளுறையா இறைச்சியா என்று புலவர்கள் வாதாடலாம், நான் அதில் தலையிடவில்லை. பாட்டுக்கு மேலே உள்ள குறிப்பைப் பாருங்கள்: அவன் திருமணத்தைத் தள்ளிப்போட்டபோது தலைவி தோழிக்குச் சொன்னது. தள்ளிப்போடுகிறான் என்பதோ, நீ போய் அவனிடம் பேசு என்பதோ ஐந்தடியில் எங்கும் இல்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருக்கும் தோழிக்கு அடுத்து தான் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.