பிளேபேக் அறை

நேயர்களுக்கு வணக்கம். என் வேலை என்னவென்று சொன்னால் பலருக்கு உடனே புரிவதில்லை. ஒலிப்பதிவு நடக்கும்போது பக்கத்து அறையில் ஸ்கோரை, அதாவது எல்லோருடைய பாகமும் எழுதிய இசைக்குறிப்பை, விரித்து வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனும் கையில் பென்சிலுமாக உட்கார்ந்திருப்பவன் நான். மைக் வைப்பதும் பட்டன் தட்டுவதும் இன்ஜினியர் பொறுப்பு. "நூற்றுப் பன்னிரண்டாவது பாரில் இரண்டாம் வயலின் சுருதி கொஞ்சம் இறங்கிவிட்டது, இன்னொரு தரம் போகலாமா?" என்று கேட்பது என் பொறுப்பு. நல்ல பெயர் வாங்கித் தருகிற வேலை இல்லை.

ஒரு இளம் குழு தன் முதல் ஆல்பத்தைப் பதிவு செய்யும்போது என்னதான் நடக்கிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் அதிகம் பார்த்தது ஸ்ட்ரிங் குவார்ட்டெட் குழுக்களை. இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, உட்கார்ந்து வாசிக்கிற பெரிய செல்லோ ஒன்று, அவ்வளவுதான். முன்னால் நின்று கையசைத்து வழிநடத்துபவர் கிடையாது. ஒரு பாகத்துக்கு ஒரே ஆள் என்பதால் பிசகினால் ஒளிந்துகொள்ள இடமும் கிடையாது. அறிவுள்ள நான்கு பேர் தங்களுக்குள் உரையாடுவதைக் கேட்பது போல என்று இந்த இசையைப் பற்றிக் கவிஞர் கெதே 1829இல் ஒரு கடிதத்தில் எழுதினார். மேடையில் அப்படித்தான். பதிவு செய்ததைப் போட்டுக் கேட்கிற அறையில் அதே நான்கு பேர் உரையாடுவதை அவர் கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பாரோ தெரியாது.

எதைப் பதிவு செய்வது என்பதிலேயே முதல் சச்சரவு தொடங்கிவிடும். பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபுசி 1893இல் ஒரு குவார்ட்டெட் எழுதினார். அதே நாட்டு ராவெல் 1903இல் ஒன்று எழுதினார். இருவரும் இந்த வடிவத்தில் எழுதியது அந்த ஒன்றுதான். ஒவ்வொன்றும் அரை மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஒரே தட்டில் கச்சிதமாக அடங்கும். அதனால் இந்த ஜோடியைப் பதிவு செய்யாத குழுவைத் தேட வேண்டியிருக்கும். புதிதாக வருகிற நான்கு பேர் இதை எடுத்தால், பெரிய பெரிய குழுக்களின் பதிவுகளோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். அதற்குப் பயந்து யாரும் வாசிக்காத ஒன்றைத் தேடிப் பிடிப்பவர்களும் உண்டு. என் கட்சி வேறு. மேடையில் முப்பது தடவையாவது வாசித்த ஒன்றையே எடுங்கள் என்பேன். மைக் முன்னால் உட்கார்ந்த பிறகு யோசிக்க நேரம் இருக்காது.

இடம் பெரும்பாலும் ஸ்டுடியோவாக இருக்காது. தேவாலயமோ சிறிய அரங்கமோதான். வில்லை எடுத்த பிறகும் ஒலி ஒன்றரை, இரண்டு நொடி காற்றில் நிற்க வேண்டும். அந்த நீட்சி இல்லாவிட்டால் வயலின் வெறும் கம்பியும் மரமுமாகக் கேட்கும். நல்ல ஒலிக்குக் கொடுக்கிற விலை, ஹீட்டரையும் ஏசியையும் அணைத்துவிட்டு வாசிப்பது. குளிர்ந்தால் விரல் விறைக்கும், வெப்பம் ஏறினால் சுருதி நகரும். மேலே விமானம் போனால் அந்த டேக் போச்சு.

மைக் வைப்பதில் பல முறைகள் உண்டு. எனக்குப் பிடித்தது பிரெஞ்சு வானொலிக்காரர்கள் வகுத்த ஒன்று. இரண்டு மைக்குகள், நடுவில் 17 சென்டிமீட்டர், ஒன்றுக்கொன்று 110 டிகிரி விரித்து வைப்பது. ஏறக்குறைய நம் இரண்டு காதுகளின் இடைவெளி. இப்படி எடுத்தால் நால்வரும் ஒரே காற்றில் கலந்து பதிவாவார்கள். செல்லோ மட்டும் தவறினால் செல்லோவை மட்டும் மறுபடி எடுக்க முடியாது. ஒருவர் பிசகுக்கு நால்வரும் திரும்ப வாசிக்க வேண்டும். சண்டையின் விதை இங்கேதான் இருக்கிறது.

உட்காருவதிலும் தகராறு வரும். வலது ஓரத்தில் வியோலாவை உட்கார வைத்தால் அதன் முகம் பின்சுவரைப் பார்க்கும், ஒலியும் அங்கேதான் போகும். சரி, செல்லோவை ஓரத்துக்கு மாற்றலாம் என்றால், பழகிய இடம் மாறியதில் கண் ஜாடை தப்பும்.

1925 வரை மைக்கே கிடையாது. பெரிய புனலுக்கு முன்னால் நெருக்கியடித்து உட்கார்ந்து வாசிப்பார்கள். தட்டின் ஒரு பக்கத்துக்கு நான்கு நிமிடத்துக்கு மேல் அதிகம் கிடைக்காது. தப்பு வந்தால் மெழுகுத் தட்டை மாற்றிவிட்டு ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காந்த நாடா பரவிய பின்தான் வெட்டி ஒட்டுகிற வசதி வந்தது. பியானோ மேதை கிளென் கூல்ட் 1964இல் மேடையையே விட்டுவிட்டு, இனி ஒலிப்பதிவுதான் என்று போய்விட்டார். இப்போது ஒரு குவார்ட்டெட்டுக்குள் நூற்றுக்கு மேல் ஒட்டு இருந்தாலும் காதுக்குத் தெரியாது.

வெட்டி ஒட்டலாம் என்பதாலேயே முடிவெடுப்பது கடினமாகிவிட்டது. ஒரு குழுவைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். டெபுசியின் மூன்றாம் பகுதி, மெதுவானது. நடுவில் வியோலாவுக்கு நீண்ட தனிப்பாட்டு. நான்காவது டேக்கில் அந்தப் பெண் வாசித்ததைக் கேட்டு நானும் இன்ஜினியரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அப்படியொரு வாசிப்பு. ஆனால் உச்சிக்குப் போகிற இடத்தில் அவர் முன்னால் சாய, நாற்காலி கிறீச்சிட்டது. ஏழாவது டேக் சுத்தம். கண்ணாடி மாதிரி. அதே கண்ணாடி மாதிரிக் குளிர்ச்சி.

பிளேபேக் அறையில் நால்வரும் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். தன் வாத்தியத்தைக் காதுக்குக் கீழே வைத்துக் கேட்டுப் பழகியவருக்கு, பத்தடி தள்ளிக் கேட்பது அதிர்ச்சிதான். "நான் இவ்வளவு அழுத்தியா வாசிக்கிறேன்?" என்று முதல் வயலின்காரர் கேட்டார். மற்ற மூவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு வருடமாக அவர்கள் சொல்லத் தயங்கியதை ஸ்பீக்கர் சொல்லிவிட்டது. அப்புறம் நாற்காலி விவகாரம். வாசித்தவரே ஏழு வேண்டும் என்கிறார், முதல் வயலின் நான்கு என்கிறார். செல்லோக்காரர், அந்த ஓர் இடத்துக்கு மட்டும் ஏழிலிருந்து எடுத்து ஒட்டலாமே என்கிறார். இரண்டாம் வயலின் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒட்டிப் பார்த்தோம். கிறீச் வந்தது இழுத்துப் பிடித்த ஒரு சுரத்தின் நடுவில். ஏழாவது டேக் மயிரிழை மெதுவாக ஓடியது. ஒட்டு பல்லிளித்தது. கடைசியில் நான்கே நின்றது. இரண்டாம் வயலின், "அதுல நீ எங்களை மறந்துட்டு வாசிச்சே, அதான் நல்லா இருக்கு" என்றார். வியோலாக்காரர் அன்று மதியம் வரை யாரோடும் பேசவில்லை.

பணம் பற்றியும் கேட்பீர்கள். ஸ்பாட்டிஃபையில் முப்பது நொடி கேட்டாலே ஒரு தடவை கேட்டதாகக் கணக்கு. எட்டு நிமிட மெதுவான பகுதியை முழுக்கக் கேட்டாலும் அதே ஒரு கணக்குதான். இந்தக் கணக்கில் இப்படிச் சிறு குழுவாக வாசிக்கிற அறையிசைக்காரர்கள் என்றும் தோற்கிற கட்சி. விழாக்காரர்களுக்கும் அரங்கக்காரர்களுக்கும் அனுப்பிவைக்க ஒரு முகவரி அட்டை மாதிரிதான் முதல் ஆல்பம்.

மூன்றாம் நாள் மாலை எல்லாம் முடிந்ததும் ரூம் டோன் எடுப்போம். யாரும் வாசிக்காத அந்த இடத்தின் வெறும் அமைதியை அரை நிமிடம் பதிவு செய்துகொள்வது. ஒட்டுகிற இடங்களில் இடைவெளியை நிரப்ப உதவும். நால்வரும் வில்லை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. இருபதாவது நொடியில் செல்லோக்காரர் வயிறு சத்தமாக உறுமியது.

அந்த மூன்று நாளில் நால்வரும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்ட ரீடேக் அது ஒன்றுதான்.