சிலி நாட்டுப் பள்ளிகளில் சந்தை

நேயர்களுக்கு வணக்கம்.

பள்ளிகளுக்கு அரசு எந்தக் கணக்கில் பணம் தருகிறது என்பதை மாற்றினாலே போதும், ஒரு நாட்டின் கல்வி உருமாறிவிடும். தென்னமெரிக்காவின் சிலியில் 1981-இல் அதுதான் நடந்தது.

அப்போது அங்கே பினோசேயின் இராணுவ ஆட்சி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்துத் திரும்பியவர்களின் கை ஓங்கியிருந்தது. அந்தப் பல்கலைக்கழகப் பேராசிரியர் மில்டன் ஃப்ரீட்மன் 1955-இல் முன்வைத்த வவுச்சர் யோசனை, அதாவது பெற்றோர் தேர்ந்தெடுக்கும் பள்ளிக்கே பிள்ளைக்கான அரசுப் பணம் போகும் முறை, நாடு முழுவதற்கும் வந்தது. அரசுப் பள்ளிகள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. வகுப்புக்கு வரும் பிள்ளைகளின் எண்ணிக்கைப்படி மானியம். மானியம் வாங்கும் தனியார் பள்ளிக்கும் அதே கணக்கு. லாபம் எடுக்கவும் தடையில்லை.

பிள்ளைகளை இழக்கும் பள்ளி விழித்துக்கொண்டு தரத்தை உயர்த்தும் என்று நம்பினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 40 பேர் உள்ள வகுப்பிலிருந்து 5 பேர் போனால், வருமானத்தில் எட்டில் ஒரு பங்கு போய்விடும். ஆசிரியர் சம்பளமோ, மின்கட்டணமோ, கூரை பழுதுபார்க்கும் செலவோ குறையாது. பணம் அதிகம் தேவைப்படும் நேரத்தில்தான் வரவு குறைகிறது. ஒரு கடை நொடித்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். பள்ளி நொடித்தால், வேறிடம் போக வழியில்லாத பிள்ளைகள் அங்கேயே கிடப்பார்கள்.

இதைவிடப் பெரிய கோளாறு சேர்க்கையில் இருந்தது. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்றார்கள். பள்ளிகளோ நுழைவுத்தேர்வும் பெற்றோர் நேர்காணலும் வைத்துப் பிள்ளைகளைப் பொறுக்கி எடுத்தன. நன்றாகக் கற்றுக்கொடுத்து மதிப்பெண்ணை உயர்த்துவதைவிட, ஏற்கெனவே நன்றாகப் படிக்கும் பிள்ளையைச் சேர்த்துக்கொள்வது மலிவு. 1993-இல், மக்களாட்சி திரும்பிய பிறகும், மானியத்தோடு பெற்றோரிடம் கட்டணமும் வாங்கலாம் என்று கதவை அகலத் திறந்தார்கள். அது எனக்கு ஆறாத வருத்தம். வசதிக்கேற்பப் பிள்ளைகள் தனித்தனிப் பள்ளிகளில் பிரிந்தார்கள். 2006-இல் ஷியே, உர்கியோலா என்ற இரு பொருளியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், சராசரிக் கற்றல் உயர்ந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. பிள்ளைகள் தரம்பிரிந்து போனதற்குத்தான் கிடைத்தது.

அதே ஆண்டு பள்ளி மாணவர்களே தெருவில் இறங்கினார்கள். 2008-இல் ஏழைப் பிள்ளைகளுக்குக் கூடுதல் மானியம் வந்தது. 2015-இல் வந்த சட்டம், மானியம் பெறும் பள்ளிகளில் லாபத்தைத் தடைசெய்தது. கட்டணத்தைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. பிள்ளைகளைப் பொறுக்கும் வழக்கத்தையும் பெரும்பாலும் ஒழித்தது. இப்போது பெற்றோர் பள்ளிகளை வரிசைப்படுத்தி விண்ணப்பிக்கிறார்கள். இடம் போதாவிட்டால், அண்ணன் அக்கா படிக்கும் பள்ளி போன்ற முன்னுரிமைகள் போக, மீதிக்குக் குலுக்கல். 2016-இல் தெற்குக் கோடியில் உள்ள மகயானெஸ் பகுதியில் தொடங்கி, மற்ற பகுதிகளுக்கும் விரித்தார்கள்.

ஆனால் வருகையை எண்ணிப் பணம் தரும் முறையை அந்தச் சட்டம் தொடவில்லை. பிள்ளைகள் நோயில் விழும் குளிர்காலத்தில் வருகை குறைந்தால் பள்ளியின் பணமும் குறையும். அடுத்து மாற்ற வேண்டியது அதைத்தான்.