பழைய கணக்குப்பெட்டியை வீட்டில் வைக்கலாமா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

பர்மாவின் பெகுவிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ரங்கூனில் ஸ்காட் மார்க்கெட் பக்கம் பழைய சாமான் கடையில் தேக்குக் கணக்குப்பெட்டி ஒன்று வாங்கினாராம். மூடியின் உட்புறம் பிள்ளையார் சுழி, ‘சிவமயம்’, அப்புறம் நாலைந்து இனிஷியல். அடித்தட்டைக் கழற்றித் துடைத்தபோது மடித்த பர்மியப் பத்திரம் ஒன்று கிடைத்திருக்கிறது. 1933 என்று தேதி, கீழே ஒரு பெருவிரல் ரேகை. அக்கம்பக்கத்தில், "ஓடிப்போனவர்கள் பெட்டி, வீட்டுக்கு ஆகாது" என்கிறார்களாம். "ஐயா, இது தோஷமா, பரிகாரம் உண்டா?" என்பது கேள்வி.

தோஷமெல்லாம் ஒன்றும் கிடையாது தம்பி. பரிகாரம் என்று மஞ்சள்நீர் மட்டும் தெளித்துவிடாதீர்கள், மை அழிந்துபோகும். கேட்டதற்குப் பதில் அவ்வளவுதான். ஆனால் நீங்கள் அனுப்பிய படங்கள் என்னை விடமாட்டேன் என்கின்றன.

நம்ம பழைய நேயர்களுக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று தெரியும். பொருளைச் செய்தது எந்த ஆண்டு என்று கேட்காதீர்கள், கைமாறியது எந்த ஆண்டு என்று கேளுங்கள். வெற்றிலைச் செல்லம் பற்றிப் பேசியபோதும் இதையேதான் சொன்னேன். இந்த நாட்டில் நம்மவர் சாமான் மொத்தமாகக் கைமாறிய காலம் இரண்டு. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான்காரன் குண்டு போட்டான். கப்பல் கிடைத்தவர் கப்பலில் போனார்கள். மற்றவர்கள் 1942-இல் புரோம் வழியாக அரக்கான் மலையைக் கடந்தும், மணிப்பூர்ப் பக்கமாகவும் நடந்தார்கள். லட்சக்கணக்கான பேர். வழியில் காலராவிலும் பசியிலும் செத்தவர்கள் பல்லாயிரம். இன்னொன்று 1964. மார்ச்சில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். கப்பலேறப் போனவர்களிடம் துறைமுகத்தில் தாலிக்கொடியைக்கூட விடவில்லை என்று என் பாட்டி சொல்லிச் சொல்லி அழுவாள். பாட்டியின் அண்ணன் ஆட்டுக்கல்லைப் பக்கத்து வீட்டு டோவிடம், அதாவது பர்மிய அம்மாவிடம், கொடுத்துவிட்டுப் போனார். அந்தம்மா அதைக் கவிழ்த்துப் போட்டு வாசற்படியாக்கிவிட்டார்! பாட்டி சாகும்வரை அந்த வீட்டுக்குப் போனால் படியைத் தாண்டித்தான் உள்ளே நுழைவாள். சரி, பெட்டிக்கு வருவோம்.

பூட்டைப் பாருங்கள். உங்கள் படத்தில் பித்தளைத் தகட்டைச் சுற்றி உளி பட்ட வெட்டு இருக்கிறது, வலப்பக்கம் மரம் பிளந்திருக்கிறது. பிறகு யாரோ இரும்புக் கொண்டி வைத்து ஆணி அடித்திருக்கிறார்கள். 1964-இல் போனவர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் இருந்தது. விற்றார்கள், கொடுத்தார்கள், பெட்டியோடு சாவியும் கூடவே போனது. 1942-இல் பூட்டிவிட்டுச் சாவியை மடியில் முடிந்துகொண்டு போனார்கள், திரும்பி வருவோம் என்று. அதனால் இதை 1942 என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

இங்கே நிறுத்தினால் பாதிக் கதைதான். அந்த ரேகை யாருடையது என்று நீங்கள் கேட்கவே இல்லையே தம்பி! அதைக் கேட்டிருக்க வேண்டும்.

சிவமயம் எழுதிய கணக்குப்பெட்டி, உள்ளே ரேகை வைத்த பர்மியப் பத்திரம் என்றால், இது வட்டிக்கு விட்ட செட்டியார் ஒருவருடையது என்றும், அது கடன் பத்திரம் என்றும் நினைக்கிறேன். ரங்கூனில் மொகல் தெருவில், இன்றைய ஷ்வேபொந்தா தெருவில், செட்டியார் கிட்டங்கிகள், அதாவது அவர்கள் தங்கித் தொழில் நடத்திய கட்டிடங்கள், இருந்தன. அங்கிருந்து ஐராவதி டெல்டா முழுக்கப் பணம் போனது. காடாகக் கிடந்த சதுப்பு நிலம் நெல்வயலானதில் அந்தக் கடனுக்குப் பெரிய பங்கு உண்டு. உள்ளூர் வட்டிக்காரரைவிட செட்டியார் வட்டி பெரும்பாலும் குறைவு என்பதும் உண்மை. ஆனால் 1930-இல் உலக மந்தம் வந்து நெல்விலை பாதிக்கும் கீழே போய்விட்டது. விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை. ஈடு வைத்த நிலம் போனது. கீழ்ப் பர்மாவின் 13 நெல் மாவட்டங்களில் செட்டியார் கைக்கு வந்திருந்த நிலம் 1930-இல் நூற்றுக்கு 6 பங்கு. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் 25 பங்கு. செட்டியாருக்கு நிலம் வேண்டியதில்லை, முதலும் வட்டியும்தான் வேண்டும். நிலத்தை இழந்தவனுக்கு இதைச் சொல்லி என்ன பயன்? அவன் பார்த்தது, தன் வயல் இந்தப் பெட்டிக்குள் போனதை. நெல்விலை விழுந்த கையோடு, 1930 கடைசியிலேயே தராவதியில் சாயா சான் என்பவர் தலைமையில் விவசாயிகள் கலகம் கிளம்பியது சும்மாவா?

அதனால்தான் சொல்கிறேன், கைமாறிய ஆண்டைக் கேளுங்கள். பெட்டி 1942-இல் கைமாறியது. அதற்கு முன்பே அந்த ரேகைக்காரனின் நிலம் கைமாறியிருக்கலாம். ஓடியவரை நினைத்து நாம் உச்சுக்கொட்டுகிறோம், எனக்கும் நெஞ்சு வலிக்கத்தான் செய்கிறது, நம்ம ஆள் அல்லவா? ஆனால் இந்தப் பெட்டியில் பறிகொடுத்தவர்கள் இரண்டு பேர். அதிலும் அந்தப் பர்மிய விவசாயிக்கு உங்கள் தெருவில் யாரும் பரிகாரம் கேட்கவில்லை.

யாரிடம் திருப்பித் தருவது என்று குழம்ப வேண்டாம், பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். பாலிஷ் போடாதீர்கள், அந்த உளி வெட்டும் கொண்டியும் அப்படியே இருக்கட்டும். பத்திரத்தைத் தயவுசெய்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள். சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவே விரித்து வையுங்கள், வெயில் படாமல். பின்பக்கத்தை நீங்கள் படம் எடுக்கவில்லை. அங்கே முத்திரை ஏதாவது இருந்தால் எந்த ஊர் என்று தெரியலாம். அதை அனுப்புங்கள், பழைய பர்மியக் கையெழுத்து படிக்கிற நண்பர் ஒருவரிடம் காட்டுகிறேன். அடுத்து மோல்மேனிலிருந்து ஒரு அம்மா, ரங்கூன் லாக்கர் (அரக்குப் பூச்சு) கிண்ணம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள்.