தேவர்கள் தப்பு பண்ற கதையை எடுங்க

எல்லாருக்கும் வணக்கம். குழந்தைங்களுக்கு எழுத பேகன் புராணங்கள்ல இருந்து, அதாவது கிறிஸ்தவத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல கும்பிட்ட தேவர்களோட கதைகள்ல இருந்து, எந்த மாதிரி கதை எடுக்கலாம்னு பேசச் சொன்னாங்க. ஒரே ஒரு கதையை வச்சு சொல்லிடறேன், மத்ததெல்லாம் அதுலயே வந்துடும்.

நார்ஸ் புராணத்துல, அதாவது வட ஐரோப்பாவோட பழைய புராணத்துல, ஃபென்ரிர்னு ஒரு ஓநாய். தேவர்களே வீட்ல வச்சு வளர்த்தாங்க, ஆனா கிட்ட போய் சாப்பாடு போடற தைரியம் டியூர்ன்ற ஒரு தேவருக்குத்தான் இருந்துச்சு. அது கிடுகிடுன்னு வளர்ந்துட்டே போகுது, இது பின்னாடி நம்மளையே அழிக்கும்னு குறி வேற சொல்லிட்டாங்க, சரி கட்டிப் போட்டுடலாம்னு ரெண்டு சங்கிலி மாட்டிப் பாத்தா ரெண்டையும் அறுத்துடுச்சு. அப்புறம் குள்ளர்கள்கிட்ட சொல்லி ஒரு கயிறு செய்ய வைக்கறாங்க, எதுலன்னா பூனை நடக்கற சத்தம், பொம்பளையோட தாடி, மலையோட வேர், கரடியோட நரம்பு, மீனோட மூச்சு, பறவையோட எச்சில். இந்த ஆறைச் சொன்னாலே போதும், பசங்க நம்ம கையை விட மாட்டாங்க.

பட்டு ரிப்பன் மாதிரி இருக்கற கயிறைப் பாத்ததும் ஓநாய்க்கு சந்தேகம் வந்துடுது. கட்டிக்கறேன், ஆனா ஏமாத்த மாட்டீங்கன்றதுக்கு அடமானமா ஒருத்தர் என் வாய்க்குள்ள கையை வைங்கன்னு கேக்குது. எல்லாரும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறாங்க, டியூர்தான் வைக்கறாரு. கயிறு இறுகுது, எல்லாரும் சிரிக்கறாங்க, டியூர் மட்டும் சிரிக்கல, அவருக்கு கை போயிடுச்சு. 13ஆம் நூற்றாண்டுல ஐஸ்லாந்துல ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதி வச்சதுல இப்படித்தான் இருக்கு.

இப்ப பெரியவங்க என்ன பண்றோம்னா, கை போறதை வெட்டிட்டு ஓநாயை ஆரம்பத்துலயே கெட்டதாக்கிடறோம். போச்சு! யார் தப்பு பண்ணாங்க, சோறு போட்டவரே ஏன் கையைக் கொடுத்தாரு, இதெல்லாம் குழந்தை கேக்கறதுக்கு இடமே இல்லாம போயிடுது. ரத்தத்தை விலாவாரியா எழுத வேண்டாம், ஒரு வரி போதும், ஆனா அந்த வரி இருக்கணும். படம் போடறவங்க கிட்டயும் சொல்லுங்க, முதல் பக்கத்துல கோரைப்பல் வேண்டாம், குட்டியா வரையட்டும்.

ரொம்ப சின்னப் பசங்கன்னா இடி தேவன் தோர் கல்யாணப் பொண்ணா வேஷம் போட்டு, திருடு போன தன்னோட சுத்தியலை மீட்கப் போற கதை இருக்கு. பொண்ணு ஒரு மாட்டையும் எட்டு சால்மன் மீனையும் தின்னுட்டு உக்காந்திருக்கும், சிரிச்சே செத்துடுவாங்க. கடைசியில வர்ற கொலையெல்லாம் வேண்டாம், சுத்தியல் கைக்கு வந்ததோட நிறுத்திக்கலாம், அதுல கதைக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. பாதாள ராஜா தூக்கிட்டுப் போற கிரேக்க தேவதை பெர்சிஃபொனி கதையை நான் அஞ்சு வயசுக்கு எடுக்க மாட்டேன், அதுல கடத்தல் இல்லாம கதையே கிடையாது.

இன்னொண்ணு. இந்த நார்ஸ் தேவர்களை இன்னைக்கும் கும்பிடறவங்க இருக்காங்க, ஐஸ்லாந்துல 1973ல அரசாங்கமே அந்த மதத்தை அங்கீகரிச்சிருக்கு. அதனால பேய் பிசாசு லிஸ்ட்ல சேத்துடாதீங்க. அதே மாதிரி எல்லாத்தையும் ஆயிரம் வருஷக் கதைன்னும் அடிச்சு விடாதீங்க. ஈயோஸ்டர்னு பழைய இங்கிலாந்து தேவதை பறவையை முயலாக்கினா, அது முட்டை போட்டுச்சுன்னு ஒரு கதை சுத்துதே, தேவதையைப் பத்தி 8ஆம் நூற்றாண்டுல பீட்ன்ற இங்கிலாந்து துறவி எழுதினது சில வரிதான், அதுல முயலும் இல்ல முட்டையும் இல்ல, கதை 19ஆம் நூற்றாண்டு சரக்கு. தாராளமா எழுதுங்க, அழகான கதைதான், பின்னட்டையில மட்டும் பழங்காலக் கதைன்னு போடாதீங்க.