சிறு துரும்பும் பல் குத்த உதவும்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைக் கொடுத்த வணிகர் சங்கப் பெரியோர்களே, இடமில்லாமல் பின்னால் நின்றபடி கேட்கும் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். என்னைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்ன பேராசிரியர் ஐயாவுக்கு என் நன்றி.

பெலாரஸ் நாட்டுக்குப் போனபோது பார்த்த இரண்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்: மரவீடு, வைக்கோல்.

மின்ஸ்க் நகரை ஒட்டி ஸ்ட்ரோச்சிட்ஸி என்ற கிராமம். அதன் அருகே 1976-இல் அரசு நிறுவிய திறந்தவெளி அருங்காட்சியகம் இருக்கிறது. பல வட்டாரங்களிலிருந்தும் பழைய மரவீடுகளையும் தேவாலயங்களையும் கட்டை கட்டையாகப் பிரித்து எடுத்துவந்து, மறுபடி கோத்து நிறுத்தியிருக்கிறார்கள். நம் முட்டுக்காடு தக்ஷிணசித்ராவிலும் இப்படித்தானே வீடுகளைப் பெயர்த்து வைத்தார்கள்! வீட்டுக்குள் நுழைந்தால் பெரிய அடுப்பு. அதற்குக் குறுக்கே எதிர்மூலையில் சாமி படங்கள், மேலே பூவேலை செய்த துண்டு.

சரி, வைக்கோலுக்கு வருகிறேன். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்று நான் மேடைதோறும் சொல்வேன். அந்த ஊரில் அதைக் கண்ணால் பார்த்தேன்.

மின்ஸ்குக்குத் தெற்கே துதுட்கி என்ற இடம். அங்கே குயவர், கொல்லர் எல்லாம் பார்வையாளர் முன்னாலேயே வேலை செய்கிறார்கள். ஓர் அம்மா ரை தானியத்தின் வைக்கோலைக் கணு நீக்கி, வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துப் பின்னிக்கொண்டிருந்தார். எங்களோடு வந்த சிறுவன் ஒருவன் கைப்பேசியை விட்டு நிமிரவே இல்லை. அந்த அம்மா அவன் கையைப் பிடித்து நான்கு வைக்கோலைத் திணித்தார். மடித்தான், முறிந்தது. இன்னொன்று, அதுவும் முறிந்தது. அவனுக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு இவன் மொழி தெரியாது. அவர் சிரித்துக்கொண்டே அவன் விரல்களையும் சேர்த்துத் தண்ணீரில் முக்கினார். “ஊறினால்தான் வளையும்” என்று பையனே கத்தினான், தமிழில்! அப்புறம் வண்டி கிளம்பும் நேரமாகியும் எழுந்திருக்கவில்லை. அவன் தாய் வந்து இழுத்தார். ஒரு சாண் பின்னலை முடித்துவிட்டுத்தான் வந்தான்.

அந்த நாட்டுத் தென்மேற்குச் சிற்றூர்களில் ஒரு காலத்தில் தேவாலயத்துக்குள்ளே பலிபீடத்தின் முன் இருக்கும் திருவாயில் கதவுகளையே வைக்கோலால் அலங்கரித்திருக்கிறார்கள். தங்க முலாம் தோற்றுப்போகும். அந்தக் கலையை 2022-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. சிறு துரும்பு, ஐயா!

பட்டியலில் ஏறினால் மட்டும் கலை பிழைக்காது. கற்றுத்தரும் கை வேண்டும், அந்தக் கைக்குக் கூலி வேண்டும். பல ஆண்டுகளாக நான் கேட்பது இதைத்தான்: ஒவ்வொரு பள்ளியிலும் வாரம் ஒரு மணி நேரம் கைத்தொழில், அதைச் சொல்லித்தரப் பாய் முடைபவரும் கூடை பின்னுபவரும், ஊதியத்தோடு, ஆசிரியர் என்ற மரியாதையோடு.

தலைமையாசிரியர் அம்மா, உங்கள் பள்ளியிலேயே ஆரம்பிக்கலாம். வெள்ளிக்கிழமை கடைசி மணியைக் கொடுங்கள். முதல் ஆண்டு ஊதியத்துக்குப் பணம் திரட்டுவது என் பொறுப்பு. விண்ணப்பத்தை எழுதியே கொண்டுவந்திருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் உங்களிடம் தருகிறேன். வணக்கம்.