10 நிமிஷத்துல முடிவெட்டு: கியூபி ஹவுஸ் பத்தி ஒரு நேயர் கேள்வி

அடுத்த கேள்வி சிங்கப்பூர்லேருந்து வந்திருக்கு. "இங்க மால்ல கியூபி ஹவுஸ்னு ஒரு ஜப்பான் சலூன் இருக்கு. தலை கழுவாம 10 நிமிஷத்துல வெட்டி அனுப்பிடுறாங்க. இப்படி அவசரமா வெட்டினா நல்லா இருக்குமா?"

ரொம்பப் பிடிச்ச கேள்வி இது. ஆனா அங்க யாரும் அவசரமா வெட்டுறது இல்லீங்க. கத்தரி அதே வேகத்துலதான் ஓடுது. கத்தரி ஓடாத நேரத்தைத்தான் எடுத்துட்டாங்க.

1990-கள்ல ஜப்பான்ல ஆம்பளைங்க சலூனுக்குப் போனா ஒரு மணி நேரம் ஆகும். சுடு துண்டு, ஷேவிங், ஷாம்பு, தோள்பட்டை பிடிச்சு விடுறது எல்லாம் சேர்த்து 3,000, 4,000 யென் வாங்குவாங்க. இதுல முடி வெட்டுறது மட்டும் எவ்வளவு நேரம்? குட்டை முடிக்கு 10 நிமிஷம் போதும். மிச்சத்தை விட்டுட்டு வெட்டை மட்டும் 1,000 யென்னுக்குக் கொடுக்கலாம்னு குனியோஷி கோனிஷி 1996-ல டோக்கியோ கண்டா பகுதியில முதல் கடையைத் திறந்தார்.

ஒரு நாற்காலி மணிக்கு எவ்வளவு சம்பாதிக்குதுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. மணிக்கு ஒரு ஆள் உட்கார்ந்தா 3,500 யென்னு வைங்க. 10 நிமிஷத்துக்கு ஒருத்தர்னா ஆறு பேர், 6,000 யென். ஆனா நாற்காலி காலியா கிடந்தா இந்தக் கணக்கு படுத்துடும். அதனாலதான் ஆள் நடமாட்டம் ஓயாத ரயில் நிலையம், மால்னு கடை போடுறாங்க.

இப்ப ஒவ்வொரு நிமிஷமா எங்க மிச்சம் பிடிச்சாங்கன்னு பாருங்க. முன்பதிவு கிடையாது, அதனால போன் எடுக்க ஆள் வேண்டாம். வாசல்ல விளக்கு: பச்சைன்னா உடனே உட்காரலாம், மஞ்சள்னா கொஞ்ச நேரம், சிவப்புன்னா நேரமாகும். பணத்தை மெஷின்ல போட்டு டிக்கெட் எடுக்கணும். வெட்டுறவர் காசையே தொடுறது இல்ல. கழுத்துக்கு ஒரு தடவை போட்டுத் தூக்கி எறியுற காகிதம். தலை கழுவுறதுக்குப் பதிலா ஒரு குழாய், உதிர்ந்த முடியை உறிஞ்சி எடுத்துடும். இதை ஏர் வாஷ்னு சொல்றாங்க.

இதுல ஒரு சிக்கல் உண்டு. காற்று உலர்ந்த முடியைத்தான் நல்லா இழுக்கும். ஜெல், எண்ணெய், வியர்வை இருந்தா துணுக்கு ஒட்டிக்கிட்டு நிக்கும், அப்புறம் சட்டைக் காலர்ல குத்தும். அதனால உலர்ந்த தலையோட போங்க. "கொஞ்சம் குறைச்சுடுங்க"ன்னு மொட்டையா சொல்லாதீங்க. பக்கத்துல எத்தனை மில்லிமீட்டர், மேல எவ்வளவு, காது மூடணுமா திறக்கணுமான்னு உட்காரும்போதே சொல்லிடுங்க. பேசிப் பேசி முடிவு பண்ண அங்க நேரம் கிடையாது. வெட்டு சரியா வராமப் போறது பெரும்பாலும் இந்த இடத்துலதான்.

தலை கழுவுற வசதி இல்லாததால துளியூண்டு இடத்துலகூட கடை போட முடிஞ்சுது. ஆனா ஜப்பான்ல பல மாகாணங்கள் சலூன்ல தலை கழுவுற வசதி கட்டாயம்னு விதி கொண்டுவந்தாங்க. சுகாதாரம்னு காரணம் சொன்னாலும், மலிவுக் கடைகளைத் தடுக்கத்தான்னு அங்க பரவலா பேச்சு இருந்துச்சு. விலையும் நிக்கல. 2014-ல விற்பனை வரி ஏறினதும் 1,080, 2019-ல 1,200, 2023-ல 1,350 யென். ஆயிரம் யென் ஒரே நோட்டு, சில்லறையே வேண்டாம்ங்கிற அழகு போயிடுச்சுங்கிறதுல எனக்கு வருத்தம்தான். இதுக்கு நடுவுல 2002-ல சிங்கப்பூர், அப்புறம் ஹாங்காங், தைவான், நியூயார்க்னு போயிட்டாங்க.

ஆனா நீங்க கேட்டிருக்க வேண்டியது, வெட்டுற ஆளை எங்கேருந்து பிடிக்கிறாங்கங்கிறதுதான். ஜப்பான்ல முடிதிருத்துநருக்கும் அழகுக்கலைஞருக்கும் தனித்தனி உரிமம். ரெண்டு வருஷம் படிச்சு, தேசியத் தேர்வு எழுதி, உரிமம் வாங்கி சலூன்ல சேர்ந்தாலும், சின்னவங்களுக்குப் பெருக்குறதும் ஷாம்பு போடுறதும்தான் வேலை. வாடிக்கையாளர் தலையில கத்தரி வைக்கவே ரெண்டு மூணு வருஷம் ஆயிடும். அதுக்குள்ள நாள் முழுக்க ஷாம்புல கை ஊறி, தோல் வெடிச்சு, தொழிலையே விட்டுட்டுப் போறவங்க நிறைய.

இவங்களைத்தான் கியூபி ஹவுஸ் கூப்பிட்டாங்க. உரிமம் இருக்கு, வெட்டிப் பழக்கம் இல்லையா? வாங்க, சம்பளம் கொடுத்தே கத்துத் தர்றோம்னு 2012-ல லாஜிஸ்கட்னு ஒரு பயிற்சிப் பள்ளி ஆரம்பிச்சாங்க. சுமார் ஆறு மாசம், வெட்டு மட்டும்தான் பாடம். ஷாம்பு இல்லாததால கைக்கும் பிரச்சினை இல்ல. குழந்தை பிறந்து வேலையை விட்ட பெண்களும் திரும்பி வர முடிஞ்சுது.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். அங்க வெட்டுறவர் ஒரு நாளைக்கு முப்பது தலை பார்க்கலாம். சாதாரண சலூன்ல ஒரு வாரத்துல வர்ற பழக்கம் அவருக்கு ஒரே நாள்ல வந்துடும். குட்டை முடி, தெரிஞ்ச ஸ்டைல்னா தயங்காம உட்காருங்க. புது ஸ்டைல் முயற்சி, கலர், பெர்ம் இதெல்லாம் வேணும்னா வேற கடைக்குப் போங்க. சரி, அடுத்த கேள்வி.